தந்திகளில் படிந்த கை

கையை எடுத்த பிறகுதான் இரைச்சல் அடங்கியது.

அப்படி நடக்கக் கூடாது. எலக்ட்ரிக் கிட்டார் சும்மா கிடந்தால் ஆம்ப்ளிஃபயரில் லேசாக இரையும். வாசிப்பவர் தந்திகளைத் தொட்டதும் அவர் உடம்பும் எர்த்தோடு சேர்ந்து இரைச்சல் தணியும். விட்டால் மறுபடி எழும். வீட்டின் முன்னறையிலேயே ரிப்பேர் கடை வைத்திருந்த அவளுக்கு இது பால பாடம். இந்தக் கிட்டாரோ அவள் தொட்டபோது இரைந்தது, விட்டபோது அடங்கியது.

அவள் முக்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள். வெளியே மழை ஜன்னல் தகரத்தில் தட்டிக்கொண்டிருக்க, ஈயம் உருகிய வாசனையும் நனைந்த கால்மிதியின் வாடையும் கலந்த அந்த மத்தியான இருட்டில், இரைச்சல் மெல்ல எழுந்து, அழும் குழந்தையின் முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்ததுபோல மெல்ல அடங்கியது.

பக்கத்துத் தெரு அம்மா காலையில் கொண்டுவந்த கிட்டார் அது. போன வருஷம் தூக்கத்திலேயே இறந்துபோன மகனுடையது. இன்று சாயங்காலம் அவன் நினைவாக நடக்கும் கூட்டத்தில் தங்கை இதை வாசிக்க வேண்டும். நான் வாசித்தால் வந்தவர்கள் அண்ணனுக்காக அழுவார்களா, தங்கள் காதுக்காக அழுவார்களா தெரியாது என்று, கூட வந்திருந்த அந்தப் பெண் சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்புக்காகவே மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டாள் இவள்.

மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையைக் கேபிள் செருகும் ஜாக்கிலும் வைத்தாள். இணைப்பு இருந்தால் வரும் பீப் ஒலி வரவில்லை. தந்திகளுக்கு எர்த்தே இல்லை. அப்படியானால் எந்தக் கை தொட்டும் இரைச்சல் அடங்க வழியில்லை.

ஆனாலும் அவள் விட்டதும், யாருடைய கையோ தந்திகளில் படிந்ததுபோல அது அடங்கியிருந்தது.

பின்மூடியைக் கழற்றினாள். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜிலிருந்து வரும் எர்த் ஒயர் அறுந்திருக்கவில்லை. வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனையில் டேப்பை இறுக்கி, மேலும் மேலும் சுற்றியிருந்தான் அந்தப் பையன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. ஆனால் எர்த் தொங்கும் கிட்டாரை எந்த ரிப்பேர்க்காரியும் வாசலைத் தாண்ட விடமாட்டாள். விட்டுப்போனதைச் சேர்ப்பதுதானே வேலை. அந்தக் கை அவனுடையதாகவே இருந்தால்தான் என்ன? பாவம், தங்கைக்குத் துணையாக வந்திருப்பான். துணைக்கு வருகிறவனிடம் என்ன பயம்?

"ஆண்டவரே, என் கையால நல்லதே நடக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு ஒயரைச் சேர்த்துப் பற்றவைத்தாள். ஈயம் ஆறியது.

இரைச்சல் முற்றிலும் நின்றது. யாரும் தொடாமலே. திரும்ப வரவும் இல்லை.

சாயங்காலம் அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண் கிட்டாரை மடியில் வைத்து ஒரு முறை மீட்டினாள். சுத்தமான நாதம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"கடைசி மாசம் அவன் இதைத் தொடவே இல்லம்மா. ஏன்டான்னு கேட்டா, நான் தொடாட்டியும் அது என்னைத் தொடுதும்மான்னான். காய்ச்சல்ல உளர்றான்னு நினைச்சேன்."

இவளுக்கு டேப் சுற்றிய அந்த ஒயர் நினைவுக்கு வந்தது. அது அவன் கை இல்லை. அவனையும் அது பிடித்திருக்கிறது. அதனால்தான் வெட்டினான்.

"கண்ணு, கையை எடு."

பெண் சிரிக்கப் பார்த்தாள். "எடுக்க வரலக்கா."

ஷாக்காகத்தான் இருக்கும். ஷாக்காகவே இருக்கட்டும். இவள் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு அணைந்தது. கேபிளையும் உருவினாள். இப்போது அந்த மரத்துக்குள் மின்சாரம் என்று எதுவும் இல்லை.

பெண்ணின் இடது கை தந்திகளிலேயே இருந்தது.

அதன் புறங்கையில் தோல் குழிந்தது. வெளுப்பாக. ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. நான்கு. மணிக்கட்டில் கட்டைவிரல் அளவுக்கு ஐந்தாவது.

"அக்கா..."

அந்தப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாக உயர்ந்து, அடுத்த இடத்தில் நிதானமாக அழுந்தின. அவள் அழுத்தவில்லை.