சிவப்பு மாறாத பத்தொன்பது பேர்

வெயில்முற்றத்துக்குள் போக வேண்டுமானால் மணிக்கட்டில் சிவப்பு எரிய வேண்டும். பச்சை எரிந்தால் கதவு திறக்காது. தண்ணிழல் நகரத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சட்டம். காலை பத்தரைக்கு முதல் அணி மேலே வரும்போது ஒவ்வொரு கையாகப் பார்த்து உள்ளே அனுப்புவது பர்வதவர்த்தினியின் வேலை. ஆறு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

ராமநாதபுரத்துச் சமவெளியில் வெப்பம் ஐம்பது டிகிரியைத் தொட்ட காலத்தில் எழுப்பிய நகரம் அது. மேலே ஊர் முழுக்கத் தண்கூரை. வெளிச்சத்தை உள்ளே விட்டு வெக்கையை வெளியே நிறுத்தும் படலம். பளீரென்ற பகலில்தான் எல்லோரும் வாழ்ந்தார்கள். ஆனாலும் பத்து வருடத்துக்குள் பெண்களுக்கு மாடிப்படி ஏற முடியாமல் இடுப்பு வலித்தது. நடக்கத் தொடங்கிய பிள்ளைகளின் கால்கள் வில்லாக வளைந்தன. தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரையும் சேர்த்துத்தான் கூரை தடுத்திருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. டி இல்லாவிட்டால் சாப்பிடுகிற சுண்ணாம்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலும்பு மெத்தென்று ஆகிவிடும்.

மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேர் மறந்தார்கள். மறக்காதவர்களில் சிலர் ஆசைக்கு நாலைந்தாக விழுங்கி, சிறுநீரகக் கல்லோடு வந்து நின்றார்கள். வெயிலில் அந்தத் தொல்லை இல்லை. வேண்டிய அளவு ஆனதும் தோல் தானே நிறுத்திக்கொள்ளும். கடைசியில் கூரையின் உச்சியில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, நீராவித் தூவல் குழாய்களும் மரபெஞ்சுகளும் போட்டு வெயில்முற்றம் அமைத்தார்கள். திறந்து கிடக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் நகரம் குளிரை இழந்தது. அதனால் தேவைப்படுகிறவருக்கு மட்டும்தான் அனுமதி. ரத்தத்தில் டி எவ்வளவு என்று தோல் வழியாகவே படித்து எண்ணாகக் காட்டும் கதிரளவியை எல்லோர் கையிலும் கட்டினார்கள். இருபதுக்குக் கீழே போனால் சிவப்பு. தினமும் அரைமணி வெயில். முப்பதைத் தொடும்வரை சிவப்புதான். தொட்டால் பச்சை; வீட்டுக்குப் போகலாம். பெரும்பாலோர் மூன்று நான்கு மாதத்தில் பச்சையானார்கள்.

பத்தொன்பது பேர் மட்டும் ஆகவில்லை.

வர்த்தினிக்கு முதலில் கருவிமேல் சந்தேகம். மாற்றிப் பார்த்தாள். ரத்தம் எடுத்துச் சோதித்தாள். எண் சரியாகத்தான் இருந்தது. இரண்டு வருடமாக ஒருநாள் தவறாமல் வெயிலில் உட்காரும் இவர்களுக்கு எண் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே போனது. அந்தப் பத்தொன்பதில் ஒருவர் அவளுடைய அண்ணன் நம்புராஜன்.

நாற்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். கூரை பராமரிப்புக் கிடங்கில் பொருள் எடுத்துக் கொடுக்கிற வேலை. யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார், தானாகப் பேச்சைத் தொடங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை வர்த்தினி வீட்டுக்குச் சாப்பிட வந்தால், சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். அவருக்காக அவள் மருத்துவர்களைக் கேட்டாள், குடல் சோதனை செய்யவைத்தாள், வாரம் இரண்டுமுறை மத்திமீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். எண் பதினொன்றில் வந்து நின்றது.

ஆனி மாதம் ஒரு காலையில், முற்றத்திலிருந்து இறங்கும் மின்தூக்கி வாசலில் அவருக்குக் கால் லேசாக இடறியது. ஒரு முழம் உயரத்திலிருந்து விழுந்தால்கூட அப்படி ஆகாது. தொடையெலும்பு முறிந்துவிட்டது.

மருத்துவமனையில் அவருடைய கையைத் துடைத்துவிட்ட செவிலி, தோலில் வழுவழுப்பாக ஏதோ இருக்கிறது, தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது என்றாள். வர்த்தினி தொட்டுப் பார்த்தாள். கூரைமேல் ஏறி வேலை செய்கிறவர்கள் தோல் கருகாமலிருக்கப் பூசிக்கொள்ளும் காப்புப் பூச்சு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. கதிர் உள்ளே போகவே போகாது.

 செவிலி போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எதுக்குண்ணே இப்படிப் பண்ணுன?”

 அவள் அதுவரை கேட்டிராத அளவுக்கு அவர் பேசினார். முற்றத்தில் மூன்றாவது பெஞ்சில் சண்முகவடிவு என்று ஒரு பெண் பக்கத்தில் உட்காருவாள். தண்ணீர்க் குழாய்களைப் பழுது பார்க்கிறவள், புருஷனை இழந்தவள். அரைமணி நேரம் வேறு வேலை எதுவும் கிடையாது. யாரும் அவசரமாக எழுந்து போக முடியாது. பேசித்தான் ஆக வேண்டும். பேசிப் பழகிவிட்டது. ஒருநாள் அவள் தன் கையைக் காட்டினாள்: இருபத்தேழு. இன்னும் இரண்டு வாரத்தில் பச்சை வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் அவர் கிடங்கிலிருந்து ஒரு புட்டிப் பூச்சு எடுத்துப் போனார். இருவரும் பூசிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள். அவர்களுக்கும் கொடுத்தார்.

“கீழயே பாத்துப் பேசியிருக்கலாமே அண்ணே. ஊருக்குள்ள இடமா இல்ல?”

“கீழ போய் என்னன்னு பேச, வர்த்தினி? அவங்கவங்க வேலையப் பாத்துப் போறாங்க. என்ன காரணம் சொல்லி அவகிட்ட நிப்பேன்?”

அவள் அழுதாள். கோபத்தில்தான் அழுதாள். இரண்டு வருடம் இந்த மனிதனின் எலும்புக்காக எவ்வளவு அலைந்தாள்! ஆனால் அந்தக் கோபம் சாயங்காலம்வரை கூடத் தங்கவில்லை. பார்வை நேரத்தில் சண்முகவடிவு வந்தாள். வலது இடுப்பைத் தாங்கித் தாங்கி நடந்து வந்து, கட்டிலருகே நின்று, முறிந்த காலைப் பார்த்து, “என்னால தானே” என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவளுடைய கையில் ஒன்பது எரிந்தது.

வர்த்தினி மறைக்கவில்லை. பத்தொன்பது பெயரையும் எழுதி நகரவைக்கு அனுப்பினாள். ஏமாற்றியவர்களுக்கு இரண்டு வருடம் முற்றத்தில் தடை, ஊசி மருந்து மட்டும் என்பது விதி. விசாரணையில் நகரவைத் தலைவி, இத்தனை நாள் இது உன் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்று கேட்டார்.

“எலும்பைத்தான் பாத்தேன்மா,” என்றாள் வர்த்தினி. “எலும்புக்குன்னு நாம திறந்த இடத்துக்கு இவங்க வேற பசியோட வந்திருக்காங்க. அதைக் காட்டுற அளவி நம்மகிட்ட கிடையாது. உடம்பு தேறினதும் வெளிய போன்னு சொன்னா, தேறாம இருக்கத்தான் பாப்பாங்க.”

அவை மூன்று நாள் விவாதித்தது. தடை விழவில்லை. பத்தொன்பது பேருக்கும் ஊசி போட்டு எண்ணை ஏற்றச் சொன்னார்கள். அதன்பிறகு பச்சைக்காரர்களும் வரலாம், பூச்சு மட்டும் கூடாது என்று விதியை மாற்றினார்கள்.

மாற்றிய முதல் வாரமே நகரம் மொத்தமும் மேலே வந்தது. வரிசை மூன்று தளம் கீழேவரை இறங்கியது. ஆளுக்கு எட்டு நிமிடம்தான் கிடைத்தது. உண்மையிலேயே தேவைப்பட்டவர்களின் எண் சரியத் தொடங்கியது. அதைச் சரிசெய்ய இரண்டாவது முற்றம் திறந்தார்கள். அது போதாமல் மூன்றாவது. வருடம் முடிவதற்குள் தண்கூரையில் பதினோரு ஓட்டைகள். நகரத்தின் வெப்பம் நான்கு டிகிரி ஏறியது. எழுபது வருடத்துக்குப் பிறகு கடைகளில் விசிறி விற்றார்கள். ஓட்டைகளை அடைப்பதா வேண்டாமா என்று ஊரைக் கேட்டபோது, நூற்றுக்கு எண்பது பேர் இன்னும் திறக்கச் சொன்னார்கள்.

கூரைப் பொறியாளர்களின் அறிக்கை பங்குனியில் வந்தது. இதே வேகத்தில் போனால் முப்பது வருடத்தில் கூரையே மிஞ்சாது. வெயிலுக்குப் பயந்து கட்டிய நகரம் வெயிலில்தான் நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். வர்த்தினி அதை முற்றத்துக்கு எடுத்துப் போய், மூன்றாவது பெஞ்சில் இருந்த இருவருக்கும் வாசித்துக் காட்டினாள். நம்புராஜன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். சண்முகவடிவு முந்தானையால் அவருடைய நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டாள். இருவர் கையிலும் பச்சை.

நம்முடைய பிள்ளைகள் காலத்தில் என்ன செய்யப் போகிறார்களோ என்று வர்த்தினி கேட்டாள்.   வெயில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருந்தது. அறிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க மதினி,” என்றாள்.

முதல்முறையாக அண்ணிமுறை வைத்துக் கூப்பிட்டதும் சண்முகவடிவு ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.