உதடு படாத கோப்பை

"அஞ்சு மணிக்கு முதலாளி வந்துடுவார் சார். அதோட என் வேலை போச்சு" என்றாள் அருள்மேரி. தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை மாடியிலிருந்த ஏகநாதனின் துப்பறியும் அலுவலகத்தில், உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை. மணி மூன்றரை.

குரோம்பேட்டை ஹோட்டல் ஒன்றில் அவள் ஸ்டோர் பொறுப்பாளர். 1996-ல் அந்த ஹோட்டலுக்குப் புது ஆசை வந்திருந்தது. சாப்பாட்டோடு தினமும் பரிமாற, விலை குறைந்த நல்ல மெர்லோ வகைச் சிவப்பு ஒயின் ஒன்று வேண்டுமாம். மாதிரிக்கு நான்கு பாட்டில்கள் வந்திருந்தன. மாலையில் முதலாளி ருசி பார்க்க ஏற்பாடு. மதியம் ஸ்டோரைத் திறந்தால், நான்கும் திறந்து, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"கிறிஸ்மஸுக்கு வீட்ல ஒயின் போடறவதானேன்னு எல்லாரும் என்னையே பாக்கறாங்க. மேனேஜர் சாவியை வாங்கிட்டார்."

உதவியாளர் தனம் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகர்வேனா என்றது. தனம் நிமிஷத்துக்கொரு முறை கடிகாரத்தைப் பார்த்தாள். ஏகநாதன் ஜன்னலோரம் நிதானமாக உட்கார்ந்திருந்தார். அவசர நேரத்தில் அந்த நிதானம் யாருக்கும் எரிச்சல் மூட்டும்.

ஸ்டோர் மேஜையில் நான்கு பாட்டில்கள், நான்கு கண்ணாடிக் கோப்பைகள். கழுவாத கோப்பைகளின் அடியில் சிவப்பு காய்ந்திருந்தது. விளிம்புகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் காபி வரவழைத்தார். ஆசாரமான மனிதர், மது வாடைக்கே முகம் சுளிப்பவர். அவருடைய புதுச் சட்டையில் கடை மடிப்புகூடக் கலையவில்லை. டம்ளரை உயரத் தூக்கிக் காபியை வாயில் ஊற்றிக்கொண்டார். பார் ஊழியன் பொன்னுரங்கம் ஓசை வர உறிஞ்சினான்.

"இன்னொரு சாவி மேனேஜர் ரூம்ல இருக்காம் சார். இவன் எடுத்திருப்பான்" என்று தனம் கிசுகிசுத்தாள்.

அது பொன்னுரங்கத்தின் காதில் விழுந்துவிட்டது. "இன்னா பேஜாரா கீதே. நான் குடிச்சா ஒரே பாட்டில காலி பண்ணிகினு போயிருப்பேன். நாலுலயும் சொட்டு சொட்டா எவன் குடிப்பான்?"

"சரியான கேள்வி" என்றார் ஏகநாதன். "போதைக்குக் குடித்த ஆள் இல்லை. எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆள். விளிம்பில் உதட்டுத் தடமே இல்லை, தூக்கிக் குடித்திருக்கிறார். காபி டம்ளரின் விளிம்பு வெளியே மடிந்திருக்கும், அதனால் சிந்தாது. இந்தக் கோப்பையின் வாய் உள்ளே குறுகியது. அண்ணாந்து ஊற்றினால் சட்டையில்தான் விழும். மேனேஜர் சார், காலையில் போட்டு வந்த சட்டை எங்கே?"

ஸ்ரீநிவாசராகவன் தன் அறைக்குப் போய், செய்தித்தாளில் சுற்றிய வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்தார். மார்பெல்லாம் சிவப்புக் கறை.

"எதை வாங்கலாம்னு முதலாளி என்னைத்தான் கேப்பார். ருசியே தெரியாம என்ன சொல்றது? எச்சில் பண்ணாம ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய்தான் பார்த்தேன். ஆத்துல தெரிஞ்சா அப்பா என் முகத்துல முழிக்க மாட்டார்."

"உங்க வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு என் வீட்டு அடுப்பை அணைக்கப் பாத்தீங்களே சார்." அருள்மேரி அவர் எதிரே போய் நின்றாள். தனத்துக்கும் கோபம் பொங்கியது.

வாசலில் கார் வந்து நின்றது. மணி ஐந்து. அருள்மேரி கையை நீட்டினாள். "முதல்ல சாவி."

அவர் கொடுத்தார்.

முதலாளி உள்ளே வந்ததும் வராததுமாக மேனேஜரைக் கேட்டார், "எது தேறும்?"

"ரெண்டாம் நம்பர் சார். நாக்கை உறுத்தலை. சாப்பாட்டோட ஒத்துப்போகும்."

"உமக்கு எப்படித் தெரியும்?"

ஸ்ரீநிவாசராகவன் அருள்மேரியின் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"பாட்டிலைத் திறந்தது நான்தான் சார்."