அவிழாத காப்பு

பத்தாம் நாள் அவிழ்த்திருக்க வேண்டிய காப்புக் கயிறு, தொண்ணூறாம் நாளிலும் வீரமுத்துவின் மணிக்கட்டில் சிறிதும் வெளுக்காமல் மஞ்சளாகவே இருந்தது. மூன்று மாத வியர்வையும் மழையும் ரப்பர்ப் பாலும் அதைத் தொடவில்லை.

காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டலாகாது என்பது, மலாயாவில் செடெனாக் அருகிலிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்திலும் வழக்கம். பூசாரி ஐயாசாமி, எல்லோருக்கும் காப்புக் கட்டி, காவல் தெய்வம் முனியாண்டிக்குத் திருவிழாவைத் தொடங்கினார், முடிக்கவில்லை. ஆட்கள் ஓடிப்போவது நின்றதில் மகிழ்ந்த துரை, இறந்துபோன கங்காணி நடத்திவந்த காலைப் பெரட்டை, அதாவது ஆள் கணக்கெடுப்பை, அவரிடம் ஒப்படைத்தார். பின்னர் அரிசிப் பங்கீட்டை. பின்னர் வழக்குத் தீர்க்கும் உரிமையை. இறுதியில் தோட்டக் கேட்டின் சாவியை. இப்போது எதற்கும் முனியாண்டியின் சூலத்தின் முன்னே வரிசையில் நிற்க வேண்டும்.

வீரமுத்துவும் நின்றான். மனைவி பேச்சியம்மாளுக்கு நான்கு நாளாகக் காய்ச்சல். ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போக மாலை ஐந்து மணி ரயில் ஒன்றே வழி.

"அவுத்து விடுங்க சாமி. காட்டிட்டு வந்துடுறோம்."

பின்னால் நின்ற சின்னத்தம்பி சிரித்தான். "துரைகிட்ட கேளு லா. அவரே இங்க வந்துதான் உத்தரவு வாங்குறாரு."

பூசாரி சிரிக்கவில்லை. அரிசி அளந்த கையை நீட்டிக் காட்டினார். அவருடைய கயிறு சதைக்குள் புதைந்திருந்தது.

"எனக்கே இன்னும் உத்தரவு வரலப்பா."

வீட்டுக்கு வந்த வீரமுத்து, ரப்பர் மரம் சீவும் கத்தியால் தன் கயிற்றையும் அவள் கயிற்றையும் அறுத்தெறிந்தான். மழை இருட்டிக்கொண்டு வந்த அந்தப் பிற்பகலில், புளித்த ரப்பர்ப் பாலின் வாடையும் ஈரச் சருகின் வாடையும் கலந்து மூச்சை அடைக்க, பேச்சியம்மாளின் அனல்மூச்சு பிடரியைச் சுட, அவளை முதுகில் சுமந்து மரவரிசைகளின் ஊடே நடந்தான். எங்கோ ஒரு ரப்பர்க் கொட்டை வெடித்தது. வெயிலில் வெடிப்பது இந்த ஈரத்தில் ஏன் வெடிக்கிறது என்று நினைத்தான். பக்கத்து வரிசையில் இன்னொன்று. பிறகு அவன் வரிசையிலேயே. பின்னால். மிக அருகில்.

ஓடினான். வேலியைத் தாண்டினான். எதுவும் தடுக்கவில்லை.

"வந்துட்டோம் புள்ள," என்றான். ஸ்டேஷன் மேடையில் ஏறினான்.

ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. ஒரு கதவும் திறக்கவில்லை. சன்னல்தோறும் ஒரு கை நீண்டது. வெள்ளைக்காரக் கை. சீனக் கை. மலாய்க் கை. வளையலணிந்த சிறு கை.

எல்லாவற்றிலும் மஞ்சள் கயிறு.

பிடரியில் அனல் இல்லை. மூச்சும் இல்லை.

பேச்சியம்மாளின் குளிர்ந்த கை மெல்ல உயர்ந்தது. அவன் தாடையைப் பற்றியது. முகத்தைத் தோட்டத்தின் பக்கம் திருப்பிற்று.