ருசி பார்ப்பது சாப்பாடா?

என் அப்பா பேக்கரி வைத்திருக்கிறார். ரொட்டி, பிஸ்கட், கேக் எல்லாம் அவரே செய்வதுதான். எதுவாக இருந்தாலும் முதலில் அவருடைய நாக்கைத் தாண்டித்தான் கடைக்கு வரும். க்ரீம் அடித்தால் ஒரு கரண்டி, ஜாம் காய்ச்சினால் ஒரு கரண்டி, கேக்கின் ஓரத்தை வெட்டினால் அந்த ஓரம் முழுக்க.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் அவருக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுப்பேன். வேலை செய்வதைவிட வேலை சொல்வது அதிகம் என்று எனக்கு 'மேனேஜர்' எனப் பெயர் வைத்திருந்தார்.

போன வருடம் டாக்டர் அப்பாவை ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். பெரியப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் அப்பாவுக்கும் வரலாம் என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அப்பாவோ பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து நல்ல பிள்ளையாகிவிட்டார். க்ரீமைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரீட்சைக்கு முதல் நாள் மட்டும் புத்தகத்தைத் திறப்பவர்களை எங்கள் வகுப்பிலும் எனக்குத் தெரியும்.

ரிப்போர்ட் வாங்க நானும் கூடப் போனேன். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை சரியாகவே இருந்தது. அப்பா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இருங்க சார், கீழ இன்னொரு வரி இருக்கு" என்றார் ரத்தம் எடுக்கும் அக்கா.

அந்த வரியில் 6.2 என்று இருந்தது. அது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவாம். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை, சிவப்பு அணுக்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொள்ளுமாம். ஓர் அணு ஏறக்குறைய மூன்று மாதம் இருக்கும். அதனால் இரண்டு மூன்று மாதமாக நடந்ததை எல்லாம் அது சொல்லிவிடும். மூன்று நாள் நடிப்பு அதனிடம் பலிக்காது. அப்பாவின் குட்டு வெளிப்பட்டது.

5.7க்குக் கீழே இருந்தால் நல்லது, 6.5 வந்தால் சர்க்கரை நோய், நீங்கள் நடுவில் பார்டரில் இருக்கிறீர்கள் என்று அக்கா விளக்கினார்.

"அப்போ பார்டர்ல பாஸ்தானே?" என்றார் அப்பா.

"இந்தப் பரீட்சையில மார்க் குறைஞ்சாத்தான் சார் நல்லது."

இப்படியே விட்டால் நோய் வர வாய்ப்பு அதிகம், இப்போதே கவனித்தால் வராமலே தடுக்கவும் முடியும் என்று அக்கா சொன்னார். பெரியப்பா தினமும் ஊசி போட்டுக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

நடக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மாவும் வாய் வலிக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்பா பிடி கொடுக்கவே இல்லை.

"நான் எங்க இனிப்பு சாப்பிடறேன்? டீக்குக்கூட சர்க்கரை போடறதில்ல. ருசி பாக்கறது சாப்பாடாகுமா? அது என் வேலை."

அவர் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். பொய் சொல்கிறவரிடம் சண்டை போடலாம். நம்புகிறவரிடம் என்ன செய்வது?

மறுநாள் சாயங்காலம் ஒரு காலி கண்ணாடி ஜாடியை எடுத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தேன். அப்பா ஒரு கரண்டி க்ரீமை ருசி பார்த்தால், நானும் ஒரு கரண்டி க்ரீமை ஜாடியில் போட்டேன். அவர் பிஸ்கட்டைக் கடித்தால் எனக்கும் ஒரு பிஸ்கட் கேட்டு வாங்கிப் போட்டேன். என்ன விளையாட்டு இது என்று இரண்டு முறை கேட்டார். கடை சாத்தும்போது சொல்கிறேன் என்றேன்.

கடை சாத்தும் நேரத்தில் ஜாடி கழுத்து வரை நிறைந்திருந்தது. அப்பா அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினார். இவ்வளவையும் தின்றால் உடம்பு என்னத்துக்கு ஆகும், அறிவிருக்கிறதா என்றார்.

"இது எனக்கு இல்லப்பா. இன்னைக்கு நீங்க ருசி பாத்தது."

அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு நாளைக்கு இவ்வளவா?"

"சாயங்காலம் மட்டும்தான். காலையில நான் ஸ்கூல்ல இருந்தேன்."

கிண்டல் செய்ய நினைத்துத்தான் அதைச் சொன்னேன். ஆனால் அதற்கு மேல் கிண்டல் வரவில்லை. "எனக்கு பயமா இருக்குப்பா" என்றேன். அப்பா என் தலையில் கை வைத்தார். கையெல்லாம் மாவு.

"ருசி பாக்காம எப்படிம்மா விக்கறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

அதுவும் நியாயம்தான். நான் யோசித்தேன். ஒரு தடவை செய்யும் எட்டு கேக்கும் ஒரே மாவில் செய்தவைதானே, எதற்கு எட்டையும் ருசி பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். மனசு கேட்காது என்றார். மனசா நாக்கா என்றேன். சிரித்துவிட்டார்.

அன்று முதல் சர்க்கரையைக் கைக்கு வந்தபடி அள்ளிப் போடாமல் தராசில் நிறுத்துப் போட்டார். அளவு சரியாக இருந்தால் ருசியும் சரியாகத்தானே இருக்கும்? ருசி பார்ப்பது ஒரு கலவைக்கு ஒரே ஒரு முறை, அதுவும் ஐஸ்கிரீம் குச்சியின் நுனியில். கேக்கின் ஓரங்களைப் பொட்டலம் கட்டிக் குறைந்த விலைக்குக் கொடுத்தோம். அவைதான் முதலில் தீர்ந்தன.

சாயங்காலம் நடக்கவும் போனோம். அது பெரும்பாடு. தெருவில் எல்லோரும் வாடிக்கையாளர்கள். நாலடிக்கு ஒருவரிடம் நின்று அப்பா கதை பேசினார். கடைசியில் அவரை யாருக்கும் தெரியாத தெருவாகப் பார்த்துக் கூட்டிப்போனேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் கொடுத்தார். இந்த முறை நடிப்பு எதுவும் இல்லை. ரிப்போர்ட்டில் 5.8 என்று இருந்தது. இன்னும் ஒரு துளி குறைய வேண்டும், ஆனால் நன்றாக இறங்கியிருக்கிறீர்கள் என்றார் அக்கா. அப்பா அந்தத் தாளை வழியெல்லாம் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைக்கு வந்ததும் சாக்பீஸை எடுத்து விலைப்பலகையில் எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக 5.8 என்று எழுதினார். ரொட்டி வாங்க வந்த ஒருவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பலகையைப் படித்தார்.

"அது என்னங்க அஞ்சு புள்ளி எட்டு, புது ஐட்டமா?"

அப்பா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

"அது மட்டும் விக்கறதுக்கு இல்லீங்க. மேனேஜர் சம்பாதிச்சது."