நான்கு சுவருக்குள் ஓர் அழுகை

பிள்ளை பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை.

பெண் குழந்தை. மருத்துவச்சி எல்ஸ்பெத் அதைக் கம்பளித் துணியில் சுற்றி கிரிஸலின் மடியில் வைத்துவிட்டு, நிற்காமல் பெருகும் ரத்தத்தை அடைக்கக் கட்டிலுக்கு ஓடினாள். கணப்பில் விறகுக்குப் பதிலாகக் கனன்ற சதுப்புமண் கட்டியின் புகையும், ரத்தத்தின் இரும்பு வாடையும், காலங்காலமாகக் காயாத கல்சுவரின் பாசி நெடியும் கலந்து அந்தக் கோட்டை அறை மூச்சை அடைத்தது. வெளியே பனி கொட்டியது. மதியம் மூன்று மணிக்கே சாளரத் துவாரத்தில் வெளிச்சம் மங்கி, கட்டில் திரைகளின் நிழல் சுவரேறத் தொடங்கியிருந்தது.

"பொண்ணா, பையனாடி?" என்று கேட்டாள் அக்கா மரியோட்டா. கிரிஸல் வாயெடுப்பதற்குள் அக்காவின் கண்கள் கூரையில் நிலைகுத்திவிட்டன.

கதவுக்கு வெளியே பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள்: மரியோட்டாவின் கணவன் நினியன், பாதிரியார், பத்திரம் எழுதுகிறவர். பிள்ளைக்காக அல்ல, அதன் குரலுக்காக. ஆண் வாரிசில்லாத அப்பா, கோட்டையையும் பன்னிரண்டு பண்ணைகளையும் மூத்தவள் பேரில் விட்டுப்போயிருந்தார். அவள் பெற்ற பிள்ளை நான்கு சுவருக்குள் ஒரே ஒரு தரம் அழுது, அது சாட்சிகள் காதில் விழுந்தால் போதும். அப்புறம் பிள்ளை பிழைத்தாலும் செத்தாலும் சொத்து முழுவதும் ஆயுசுக்கும் கணவன் கையில். அழாவிட்டால், அவளுக்குப் பின் தங்கைக்கு. சட்டம் அப்படி.

நினியன் எப்படிப்பட்டவன் என்று அக்காவின் முதுகுத் தழும்புகளைக் கேட்டால் தெரியும். கிரிஸலைத் தன் குடிகாரச் சித்தப்பாவுக்குக் கட்டிவைப்பதாகப் போன வாரம்தான் வாக்குக் கொடுத்திருந்தான்.

மடியில் ஏதோ அசைந்தது. சின்ன மூக்கு விடைத்தது. நெஞ்சுக்கூடு ஒரு தரம் ஏறி இறங்கியது. நெற்றி சுருங்கி, வாய் கோணியது.

கிரிஸல் கம்பளியின் நுனியை எடுத்து அந்த வாயின்மேல் வைத்தாள். கொஞ்ச நேரம்தான், வெளியே இருப்பவர்கள் எழுந்து போகும்வரைதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். துணிக்கு அடியில் ஒரு நாக்கு அவள் விரலைத் தேடிச் சப்பப் பார்த்தது. அவள் கையை எடுக்கவில்லை. பிறகு நாக்கு நின்றுபோனது.

எல்ஸ்பெத் இறந்தவளின் தாடையைத் துணியால் இறுகக் கட்டிவிட்டுத் திரும்பினாள். குழந்தையைப் பார்த்தாள். கிரிஸலின் கையைப் பார்த்தாள்.

"அழவே இல்லையாம்மா?"

"இல்ல."

"ஒரு முனகல்கூட?"

"நீயும் இங்கதான இருந்த, எல்ஸ்பெத்."

எல்ஸ்பெத் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வெளியே போய்ச் சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது. நினியன் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டினான். பாதிரியார் ஜெபத்தை முணுமுணுத்தார். பெஞ்சு நகர்ந்தது. காலடிகள் படிக்கட்டை நோக்கிப் போயின. கிரிஸலின் தோள்கள் தளர்ந்தன. கோட்டை இனி அவளுடையது.

அப்போது அழுகை கேட்டது.

பச்சைக் குழந்தையின் வீறல்.

கிரிஸல் குனிந்தாள். மடியில் நீலம் பாரித்த உதடுகள். மூடியிருந்தன. அழுத்தினாள். இரண்டு கையாலும். சத்தம் குறையவில்லை. அது மடியிலிருந்து வரவில்லை.

வெளியே காலடிகள் நின்றன.

"ரெண்டு பேருக்கும் கேட்டுச்சா?" நினியனின் குரல்.

"கேட்டுச்சு," என்றார் பாதிரியார்.

திரும்பக் கூடாது. திரும்பினாள்.

கட்டில். தாடைக்கட்டு அறுந்து கழுத்தில் கிடந்தது. கூரையைப் பார்த்திருந்த கண்கள் இப்போது அவளைப் பார்த்தன. அக்காவின் வாய் அகலத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நெஞ்சு ஏறவில்லை. அந்த வாய்க்குள்ளிருந்து, நடுவில் ஒரு மூச்சுகூட வாங்காமல், பிறந்த குழந்தை அழுதுகொண்டே இருந்தது.