தன்னைத்தானே புகழ்ந்த சுண்டு

அந்த ஆண்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வேறு எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டால், இருக்காது என்றுதான் தோன்றுகிறது.

வருஷத்தில் ஒருநாள் சாயங்காலம் பரிசளிப்பு விழா நடக்கும். ஓடினவன், தாண்டினவன், பாடினவன், நடித்தவன் எல்லோருக்கும் அன்றைக்குத்தான் கோப்பை. ஆனால் முதலாவதாக வந்தவன் சும்மா மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கிவிட முடியாது. இரண்டாவதாக வந்தவன் மைக்குக்கு முன்னால் வந்து, தன்னை ஜெயித்தவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் கோப்பை. மனசார வருகிறதோ இல்லையோ, பல்லைக் கடித்துக்கொண்டாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த வருஷம் ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பேர் இதில் வசமாக மாட்டிக்கொண்டார்கள்.

ஒருவன் சுண்டு. ஆள் சுண்டுவிரல் உயரம்தான் என்பதால் அந்தப் பேர். இன்னொருவன் ஒட்டகம். அவனுக்குக் கழுத்தும் நீளம், காலும் நீளம். ஓட்டப் போட்டியில் ஒட்டகம் முதல், சுண்டு இரண்டாவது. பாட்டுப் போட்டியில் அப்படியே தலைகீழ். சுண்டு முதல், ஒட்டகம் இரண்டாவது. ஆக, அவனைப் பற்றி இவன் பேச வேண்டும், இவனைப் பற்றி அவன் பேச வேண்டும்.

சுண்டுவுக்குக் கவலையே இல்லை. தூக்கத்தில்கூடப் பேசுகிற பிறவி அவன். ஒட்டகம்தான் பாவம். அவனுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்து தொண்டையிலேயே கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். எழுப்பிக் கொண்டுவருவதற்குள் கேட்கிறவன் பாதி தூரம் போயிருப்பான்.

திங்கட்கிழமை, தண்ணீர்க் குழாயடியில் ஒட்டகம் மெதுவாகச் சொன்னான்.

"வெ... வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல்."

"இன்னைக்குத் திங்கள்தானேடா. இப்பவே எப்படித் தெரியும்?"

"வ... வரும்."

சுண்டுவுக்குப் புரிந்துவிட்டது. விழா வெள்ளிக்கிழமைதான். விளையாட்டு சார் நல்ல மனசோடு ஒரு யோசனை சொல்லியிருந்தாராம். பேச வேண்டாம், பாட்டில் மூன்றாவதாக வந்த பையன் உனக்குப் பதிலாகப் பேசட்டும் என்றாராம். அதுதான் ஒட்டகத்துக்கு இன்னும் வலித்தது.

"அ... அவன் பேசினா, இர... இரண்டாவது வந்தது அவன்தான்னு ஆயிடும். நான் வரவே இல்ல."

பேசினாலும் அவமானம், பேசாவிட்டாலும் அவமானம் என்றால் காய்ச்சல்தானே வழி? சுண்டு யோசித்துப் பார்த்தான். அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

அன்று பள்ளி விட்டதும் ஒட்டகத்தோடு சுண்டுவும் ஆஸ்பத்திரிப் பக்கம் போனான். ஒட்டகத்தின் அம்மாவுக்கு அங்கே துணி துவைக்கும் கூடத்தில் வேலை. வீட்டுச் சாவியைத் தினமும் அவரிடம்தான் வாங்க வேண்டும்.

கூடத்துக்குள் நுழைந்தாலே முகத்தில் ஆவி அடிக்கும். பெரிய பெரிய இயந்திரங்கள் வயிற்றுக்குள் துணியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தன. அம்மாவும் கூட வேலை செய்கிற அக்காவும் ஆளுக்கொரு முனையாகப் படுக்கை விரிப்பைப் பிடித்து, உதறி, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன.

சுண்டுவைப் பார்த்ததும் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். வெள்ளிக்கிழமை சாயங்கால முறையை இந்த அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி மாற்றிக்கொண்டதைச் சொன்னார். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை லீவு போய்விட்டதாம். அதைச் சொல்லும்போதும் சிரித்தார். இதுவரை மகனின் விழா எதற்கும் அவரால் வர முடிந்ததில்லை.

"முன்னாடியே வந்து உக்காந்துக்குவேன் தம்பி. என் புள்ள மேடையில நிக்கிறத ஒரு தடவை பாத்துடணும்."

அக்கா விடவில்லை. "காலையிலேர்ந்து இதே பேச்சுதான். இன்னும் ரெண்டு நாள் போனா இந்த மெஷினும் சேந்து சொல்லும்."

ஒட்டகம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். சாவியை வாங்கினான், நடந்தான். தெருமுனை வந்ததும், அம்மாவிடம் காய்ச்சல் விஷயத்தைச் சொல்லிவிடாதே என்று சுண்டுவிடம் கேட்டுக்கொண்டான். சுண்டு தலையாட்டினான். வீடு போய்ச் சேரும்வரை அவன் வாயே திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது பெரிய சாதனை.

மறுநாள் சுண்டு ஒரு வழியோடு வந்தான். பாடும்போது ஒட்டகத்துக்குத் திக்குவதில்லை. அப்படியென்றால் பாராட்டைப் பாட்டாகவே பாடிவிட்டால்? இரண்டு பேரும் மைதானத்து மூலையில் போய் ஒத்திகை பார்த்தார்கள். 'எங்கள் சுண்டு நல்ல சுண்டு' என்று ஒட்டகம் ராகம் போட்டு ஆரம்பித்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சோப்பு விளம்பரம் மாதிரியே இருந்தது. அந்த வழி அத்தோடு சரி.

அதற்கடுத்த நாள் கணக்குப் பாடம். வகுப்பு முழுக்க ஒரே குரலில் பதின்மூன்றாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. சுண்டுவும் கத்திக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் காது பக்கத்தில் திரும்பியது. ஒட்டகத்தின் குரல், உருட்டிவிட்ட கோலி மாதிரி, எங்கேயும் முட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

கணக்கு சார் நிறுத்தச் சொன்னார். ஒட்டகத்தைப் பார்த்து, "பதின்மூணு ஏழு எவ்வளவு?" என்றார்.

ஒட்டகம் எழுந்தான். "தொ... தொ... தொண்..."

இப்போதுதானே கடகடவென்று சொன்னான். சுண்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது குடை ரிப்பேர் கடைப் பலகைக்கு முன்னால் ஒட்டகத்தைப் பிடித்து நிறுத்தினான். நான் சொல்லும்போதே நீயும் சேர்ந்து சொல்லு, முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது என்றான். ஒட்டகம் எதற்கு என்று கேட்பதற்குள் சுண்டு ஆரம்பித்துவிட்டான்.

"இங்கே குடைகள் குறைந்த விலையில் பழுது பார்க்கப்படும்."

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. ஒரு எழுத்துகூடத் திக்கவில்லை. ஒட்டகம் திகைத்துப்போனான். மறுபடியும் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பக்கத்துச் சுவரில் 'இங்கே வண்டியை நிறுத்தாதீர்கள்' என்பதைப் படித்தார்கள். அப்போதுதான் வண்டியை நிறுத்தியிருந்த ஒருவர், முணுமுணுத்துக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்.

"பேச்சுல நானும் உன்கூட நிக்கிறேன்," என்றான் சுண்டு. "ரெண்டு பேரும் சேந்து சொல்லிடலாம்."

ஒட்டகத்தின் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது. உடனே ஒரு சந்தேகமும் வந்தது.

"பே... பேச்சு உன்னைப் பத்தியாச்சேடா."

சுண்டு அதை யோசிக்கவே இல்லை. நான் நல்லவன், நான் வல்லவன் என்று தன் வாயாலேயே, அத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் சொல்ல வேண்டும். கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அவன் காதுமடல் சூடாகிவிட்டது. ஆனால் சோப்பில் ஊறிய அந்த விரல்களும் ஞாபகத்துக்கு வந்தன.

"பரவால்ல, ரொம்ப ஏத்தி மட்டும் எழுதாதே," என்றான்.

ஒட்டகம் ஏற்றித்தான் எழுதினான். சுண்டு அடித்து நீக்க நீக்க, மறுபடி எழுதினான். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பேச்சு தேறியது. விளையாட்டு சாரிடம், ஒட்டகம் பேசும்போது பக்கத்தில் நிற்கலாமா என்று சுண்டு கேட்டான். நிற்பதற்கு என்ன, நில்லு என்றார் அவர். ஆயிரம் வேலை அவருக்கு.

வெள்ளிக்கிழமை வந்தது. காய்ச்சல் வரவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. ஒட்டகத்தின் அம்மா சொன்னபடியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நேராக வேலையிலிருந்து வந்ததால் உடம்பில் அதே நீலச் சீருடை. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

விளையாட்டுப் பரிசுகள் முதலில் வந்தன. ஒட்டகத்தைப் பற்றிச் சுண்டு பிரமாதமாகப் பேசினான். கடைசி வளைவில் தனக்குத் தெரிந்ததெல்லாம் ஒட்டகத்தின் முதுகுதான் என்றும், அந்த முதுகைப் பற்றி வேண்டுமானால் ஒரு மணி நேரம் பேசுவேன் என்றும் சொன்னபோது கூட்டம் சிரித்தது. கோப்பையோடு நின்ற மகனைப் பார்த்து அம்மா கைதட்டினார், தட்டினார், பக்கத்தில் இருந்தவர் தொட்டுச் சொல்லும்வரை தட்டினார்.

பிறகு பாட்டுப் பரிசு. இரண்டு பேரும் மைக்குக்கு முன்னால் போனார்கள். மைக் நடுத்தர உயரத்தில் இருந்தது. ஒருவன் குனிந்தான், ஒருவன் எக்கினான். அதற்கே பாதிக் கூட்டம் சிரித்துவிட்டது. சுண்டு ஒட்டகத்தின் முழங்கையைத் தட்டினான். ஆரம்பித்தார்கள்.

"சுண்டு எங்கள் பள்ளியிலேயே இனிமையாகப் பாடுகிறவன். அவன் பாடினால் நடந்து போகிறவர்களும் நின்று கேட்பார்கள்."

மண்டபத்தில் சலசலப்பு. பின்வரிசைப் பெரிய பையன்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

"அவனுக்குப் பெரிய மனசு. தனக்குத் தெரிந்ததை யாரிடமும் ஒளிக்கமாட்டான்."

"போதும்டா உன் சுயபுராணம்," என்று ஒரு குரல் வந்தது. "அடுத்தவனைப் பேசவிடுடா," என்று இன்னொன்று. சிரிப்பு அலை அலையாக முன்வரிசைவரை வந்தது. பரிசு கொடுக்க வந்திருந்த பெரியவர்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். விளையாட்டு சார் சுண்டுவைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நில் என்று கையைக் காட்டினார்.

சுண்டுவின் முகம் செங்கல் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் நகரவில்லை. கடைசி வரிவரைக்கும் குரலை விடாமல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஒட்டகத்துக்கு ஒரு இடத்திலும் திக்கவில்லை. அப்பாடா என்று சுண்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். போகலாம் வாடா என்று கிசுகிசுத்தான்.

ஒட்டகம் வரவில்லை. இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இ... இன்னும் கொஞ்சம் இருக்கு."

அவர்கள் எழுதியதில் இது இல்லை. சுண்டு சேர்ந்து சொல்லலாம் என்றால், என்ன வரப்போகிறது என்றே அவனுக்குத் தெரியாது.

"சு... சுண்டு தன்னைப் பு... புகழ்ந்துக்கல. நா... நான் தனியாப் பேசினா, இ... இப்படித்தான் வரும். கூ... கூட ஒருத்தர் சொன்னா வ... வராது. அ... அதுக்காகத்தான் அவன் நின்னான். நீ... நீங்க சிரிப்பீங்கன்னு தெ... தெரிஞ்சேதான் நின்னான்."

ஒவ்வொரு வார்த்தையும் வர நேரமாயிற்று. யாரும் நகரவில்லை, யாரும் இருமவில்லை. அவன் நிறுத்திய பிறகும் மண்டபம் அப்படியே காத்திருந்தது. இன்னும் ஏதாவது வருமோ என்று எல்லோரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டகம் கூட்டத்தைப் பார்த்தான். "அ... அவ்வளவுதான்," என்றான்.

இந்தத் தடவை வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. அதோடு கைதட்டலும் சேர்ந்துகொண்டது. பின்வரிசைப் பையன்கள் எழுந்து நின்று தட்டினார்கள். சுண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மைக்கின் ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒட்டகத்தின் அம்மா மட்டும் தட்டவில்லை. இரண்டு கையும் அவர் கன்னத்தில் இருந்தன.

விழா முடிந்து மூன்று பேரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். மகனின் இரண்டு கோப்பைகளையும் கைக்கொன்றாக அம்மாதான் பிடித்துக்கொண்டார், வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

ஓட்டப் போட்டியன்று என்ன நடந்தது என்று அம்மா கேட்டார். ஒட்டகம் சொல்ல ஆரம்பித்தான். விசில் சத்தத்திலிருந்து ஆரம்பித்து, கடைசி வளைவில் காலில் குத்திய கல்வரைக்கும், திக்கித் திக்கி, அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டே வந்தான். அம்மாவும் அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.

சுண்டுவும் நடுவில் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தான். வீடு வரும்வரைக்கும் அவனுக்கு ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கவில்லை.