முள் இல்லாத தூண்டில்

கடல் வாசனை எப்படி இருக்கும் என்று வெங்கடம்மாவுக்குத் தெரியாது; ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பக்கத்துத் தட்டிவீட்டிலிருந்து வந்தது அதுதான் என்று யாரும் சொல்லாமலே முடிவு கட்டிவிட்டாள். கருவாட்டு நாற்றமில்லை, அது அவளுக்குப் பழக்கம். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று வாரிக்கொண்டு வரும் கசப்பும் இல்லை. ஈரமும் உப்பும் ஏதோ ஓர் அழுகலுமாகச் சேர்ந்து, மூங்கில் தட்டியின் இடுக்குகளில் புகுந்து, அவள் கிண்டிக்கொண்டிருந்த கேழ்வரகுக் களியின்மேல் வந்து உட்கார்ந்தது. கடலுக்குப் போக வேண்டுமானால் சென்னப்பட்டணத்துக்கு ரயிலேற வேண்டும். அதற்குக் கோலார் தங்கவயலில் என்ன வேலை?

தட்டியில் ஓர் ஓட்டை உண்டு. அதை அவள் போடவில்லை, கரையான் போட்டது. அவள் கொஞ்சம் அகலப்படுத்தினாள், அவ்வளவுதான்.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் மாணிக்கராஜ். கோவளத்துக் கடற்கரைக்காரன், இங்கே சுரங்கத்தில் மரத்தூண் நிறுத்துகிற வேலை. வாசல் கம்பத்துக்கும் கூரைக்கும் நடுவே ஏழெட்டு முறை வளைத்துக் கட்டிய கயிற்றை மரப்பட்டைச் சாறு தோய்த்த துணியால் உருவிக்கொண்டிருந்தான். கயிறு கட்டைவிரல் கனம். பக்கத்தில் ஈயக் குண்டுகள், கொல்லன் அடித்துக் கொடுத்த தூண்டில் முட்கள். ஒவ்வொரு முள்ளும் ஆட்டுக்கொம்பு அளவுக்கு வளைந்திருந்தது.

விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அவளால் சாயந்திரம் வரை தாக்குப்பிடிக்க முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் குடம் நிரப்ப வந்த ஞானசுந்தரியைப் பிடித்துக்கொண்டாள்.

"பூதிகோட்டை ஏரிக்குப் போவாருக்கா. ஞாயித்துக்கெழம லீவுதான?" என்றாள் ஞானசுந்தரி.

"ஏரிக் கெண்டைக்குத் தாம்புக்கயிறாடி? அவன் இன்னா, கெண்டையப் புடிக்கப் போறானா, கொட்டாயில கட்டி வளக்கப் போறானா?"

"அப்ப இன்னாத்துக்காம்?"

"மூடின குழி கீதே. அதுல முள்ளு வுட்டுத் தங்கக்கல்லத் தூண்டி எடுக்கறான். நீ வேணா பாரு."

மூடின குழி மண்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. போன மழையில் அடியில் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து ஐந்து பேர் மேலே வரவில்லை. மாணிக்கராஜின் தம்பி அருளப்பன் அவர்களில் ஒருவன். துரைமார் வந்து பார்த்து, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். அன்றைக்கு மேலே, கீழிருந்து வரும் மணியைக் கேட்டுக் கூண்டைத் தூக்கச் சொல்லும் மணிக்காரனாக நின்றது வெங்கடம்மாவின் புருஷன் தங்கவேலு. அவன் உயிரோடு வீடு வந்ததற்கு அவள் அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். அவன் அந்தப் பொங்கலைத் தொடவில்லை. அப்போது அதையும் அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை தங்கவேலுவின் தலைத்துணி ஒன்று காணாமல் போனது. துவைக்காத துணி, அதைத் திருடுகிறவன் மூக்கில்லாதவனாக இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை இன்னொன்று. புதன்கிழமை பகல் ஷிப்டு முடிந்து தங்கவேலு வீட்டுக்கு வரவில்லை. குரல் மட்டும் தட்டிக்கு அந்தப் பக்கம் கேட்டது. தங்கக்கல் இடிக்கும் மில்லின் உலக்கைகள் எப்போதும்போல் தூரத்தில் இடித்துக்கொண்டிருந்தன. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓட்டையில் காதை வைத்தாள்.

"உருண்டைக் குண்டு ஆவாது தங்கவேலு," என்றான் மாணிக்கராஜ். "நீரோட்டத்துல உருண்டுக்கினே போயிடும். நாலு மூலை வெச்சித் தட்டு. அப்பதான் அடிமண்ணக் கவ்வும்."

"மூடின குழியில ஏதுய்யா நீரோட்டம்?"

"நேத்து கயிறு ஒங் கையிலதான இருந்துச்சு. இழுக்கல?"

ஈயத்தைத் தட்டும் சத்தம்.

"முள்ளு ரெண்டு தபாவும் சும்மா வந்துச்சு," என்றான் தங்கவேலு. "துணியக் காணம்."

"கடிச்சி எடுத்திருந்தா நூல் தொங்கும். நூல் இல்ல. நான் போட்ட முடிச்ச அவுத்து எடுத்துக்கீது. அவுக்கறதுக்கு வெரல் வேணும்." மாணிக்கராஜின் குரல் சாதாரணமாக இருந்தது, எந்த மீனுக்கு எந்த முள் என்று சொல்கிறவனின் குரல். "வெரல் கீறவனுக்கு முள்ளு எதுக்கு? கட்டை கட்டு. புடிச்சிக்கினு வரட்டும். எங்கப்பன் கடல்ல செத்தவனக் கரையிலேருந்து அப்பிடித்தான் எடுத்தாரு. அருளப்பன் கல்லறைக்கு வரணும்யா. அவ்ளோதான்."

"என் துணி இன்னாத்துக்கு?"

"தெரிஞ்ச வேர்வைக்கு வருவாங்க."

அப்புறம் தங்கவேலு அழுதான். பதினோரு வருஷத்தில் அவள் கேட்காத சத்தம். "மூணு அடிச்சாங்க மாணிக்கம். மூணுன்னா ஆளு ஏறியாச்சு, தூக்குன்னு. ரெண்டு தபா அடிச்சாங்க. நான் எஞ்சின்காரனுக்குச் சொல்லல. தண்ணி சத்தம் கேட்டு ஓடிட்டன்."

காலையில் குப்பைமேட்டில் அந்த ஆட்டுக்கொம்பு முட்கள் எல்லாம் கிடந்தன. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள்ளோடு தூண்டில் போட்டவனைத் திருடன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவளுக்கு, முள் இல்லாமல் தூண்டில் போடுகிறவனை என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம் தெரிந்தது. இரை துணியில்லை. துணிக்குச் சொந்தக்காரன்.

"ஞாயித்துக்கெழம வூட்டுலயே இருய்யா," என்றாள் அவனுக்குச் சோறு வைக்கும்போது.

"ஒரே ஒரு தபா."

"அவன் ஒன்னப் பழி வாங்கறான்யா."

"வாங்கட்டும்," என்றான் தங்கவேலு, தட்டைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, கோயில் மணிக்கு ஞானசுந்தரி வீட்டார் கிளம்பிய பின், அவள் மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். வெள்ளை மண் காலடியில் நறநறத்தது; வெயில் இன்னும் இருந்தது; மேட்டின் நிழல் மட்டும் வேலிவரை நீண்டு, வேலியைத் தாண்டி, குழியின் வாய்க்குள் இறங்கியிருந்தது. வாசனை இங்கே கெட்டியாக இருந்தது. மூச்சு வாங்கினால் நாக்கில் உப்பு ஒட்டியது.

குழியில் இரண்டு ஆள் ஆழத்தில் தண்ணீர் கறுப்பாக நின்றது. நிற்கவில்லை. ஒரு சாண் ஏறியது, ஒரு சாண் இறங்கியது. காற்றே இல்லாத இடத்தில் குழியின் பக்கவாட்டு மரச்சட்டங்களில் அலை தட்டியது.

மாணிக்கராஜ் கட்டையையும் ஈயத்தையும் மெல்ல விட்டான். கயிற்றின் நுனி வேலிக் கம்பத்தில் முடிந்திருந்தது. தங்கவேலு விளிம்பில் நின்று, மீதிக் கயிற்றில் ஒரு சுற்றைத் தன் இடுப்பில் போட்டுக்கொண்டிருந்தான். சுரங்கத்துக்காரனின் பழக்கம், ஆழத்தின் ஓரத்தில் இடுப்புக் கயிறு இல்லாமல் அவன் நிற்க மாட்டான்.

மாணிக்கராஜ் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அய்யோ, தூண்டிக் கயித்த இடுப்புல கட்டாத! அவுருய்யா!"

அது நடிப்பில்லை என்று வெங்கடம்மாவுக்குப் புரிந்தது. அந்த வாரம் முழுக்க அவள் தப்பான ஆளைச் சந்தேகப்பட்டிருந்தாள்.

கயிறு அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

"இழுக்காத! கயித்த வுடு, அது ஓடட்டும்!" மாணிக்கராஜ் கத்தினான்.

தங்கவேலுவின் கைகள் கேட்கவில்லை. அன்றைக்குச் செய்யாததை இன்றைக்குச் செய்தன. தூக்கின.

கீழேயிருந்து ஒரே ஒரு வெட்டி இழுப்பு. விளிம்பில் ஆள் இல்லை. தண்ணீர் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

அவள் எப்போது ஓடினாள் என்று தெரியாது. குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் மாணிக்கராஜ். இரண்டு பேரும் இழுத்தார்கள். கனம். ஒரே ஒரு ஆளின் கனம் இல்லை, அதற்கும் மேல்.

"யோவ்! புடிச்சிக்கய்யா! புடிச்சிக்க!"

இடுப்பில் போட்ட சுற்று வெளியே வந்தது. அறுந்திருக்கவில்லை. அவிழ்ந்து, நேராக, நீர் சொட்டிக்கொண்டு.

அதற்குக் கீழே ஒரு கை. ஊறி வெளுத்த கை, கயிற்றைப் பிடித்தபடி. அதற்குக் கீழே இன்னொன்று. இன்னொன்று. ஒரு முழத்துக்கு ஒன்று. ஐந்து.

"அருளப்பா," என்றான் மாணிக்கராஜ். அவன் இழுப்பதை நிறுத்தவில்லை.

எல்லாவற்றுக்கும் அடியில், தண்ணீருக்குள், அவள் புருஷனின் முகம். கண் திறந்திருந்தது. அவளைத்தான் பார்த்தது. கடைசி ஆளின் கால்கள் அவன் தோள்மேல் இருந்தன. வாயிலிருந்து குமிழி வரவில்லை. கை மட்டும் மரச்சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மூன்று. நிறுத்தி, மறுபடி மூன்று.

விட்டால் அவனும் போவான். அவள் விடவில்லை.

முதல் கை விளிம்புக்கு வந்தது. கயிற்றை விட்டது. கூண்டிலிருந்து இறங்குகிறவன் அவசரமில்லாமல் கம்பியைப் பிடிப்பதுபோல், அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே அடுத்த கை, வரிசை கலையாமல், தன் முறைக்காகக் காத்திருந்தது.